கரண்ட் போன நேரத்தில் கடிதம் எங்கே நிற்கும்?

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல். பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு போய் மோதியதாக மின்சக்தி அமைச்சர் சொன்னார். இலங்கை முழுவதும் இருண்டது. ஊவா மலைப் பக்கத்துச் சுற்றுலா ஊரான எல்லவில் ஞாயிறு முற்பகல் என்றால் அறை மாறும் நேரம். இரவு தங்கியவர்கள் பையைக் கட்டிக்கொண்டு ரயில்வே ஸ்டேஷனுக்கு இறங்குவார்கள், அடுத்தவர்கள் வெல்லவாயப் பக்கமிருந்து ஆட்டோவில் ஏறி வருவார்கள். லிட்டில் அடம்ஸ் பீக் போகிற பாதையோரம் மூன்று அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்தும் ஒரு அக்கா அந்த நேரத்தில்தான் அடுத்த மாத விருந்தினர் ஒருவருக்குப் புக்கிங் உறுதிக் கடிதம் அனுப்பிக்கொண்டிருந்தார். மடிக்கணினிக்குப் பேட்டரி இருந்தது, ரவுட்டருக்கு இல்லை.

"தம்பி, சென்ட் அழுத்தினேன், அதோட லைட் போச்சு. மெயில் போயிருக்குமா, போயிருக்காதா?"

அன்றைக்கு என்னால் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த நாள் விருந்தினரிடமிருந்து பதில் வந்தது: ஒரே கடிதம் மூன்று தடவை கிடைத்திருக்கிறது, மூன்று அறைக்கும் காசு எடுப்பீர்களா என்று. ஒன்று கரண்ட் போன கணத்தில் போனது. இன்னொன்றைக் கரண்ட் வந்ததும் மென்பொருள் தானாகவே அனுப்பியது. மூன்றாவது, பொறுக்கமுடியாமல் அக்கா போனிலிருந்து கையால் அனுப்பியது.

ஊவாவில் மெயிலை வைத்துத் தொழில் செய்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது இந்த மூன்று கடிதத்துக்குள்ளேயே இருக்கிறது. மென்பொருள் சர்வரோடு எப்படிப் பேசுகிறது, அந்தப் பேச்சு பாதியில் அறுந்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவருக்கு மலையில் கரண்ட் போவது வெறும் இடைஞ்சல்தான். தெரியாதவருக்கு அது மூன்று அறை வழக்காகிவிடும்.

அனுப்புவது ஒரு வேலை, எடுப்பது வேறு வேலை

மெயில் ஆப்பைத் திறந்தால் எல்லாம் ஒரே சன்னலில் தெரிகிறது. அதனால் "மெயில் வேலை செய்யவில்லை" என்று ஒரே வாக்கியத்தில் முறையிடுகிறோம். உள்ளே இருப்பது இரண்டு தனித்தனி இணைப்பு. கடிதத்தை வெளியே தள்ளுவது எஸ்எம்டிபி என்ற நெறிமுறை. வந்த கடிதத்தை எடுத்துத் தருவது பொப்3 அல்லது ஐமேப். இவற்றுக்குச் சர்வர் பெயர் வேறு, போர்ட் எண் வேறு, பழுதாகும் காரணமும் வேறு. மெயில் வருகிறது ஆனால் போகமாட்டேன் என்கிறது என்று யாராவது சொன்னால் பாதிப் பழுது அப்போதே கண்டுபிடித்தாயிற்று. எஸ்எம்டிபி பக்கத்தை மட்டும் பார்த்தால் போதும்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். லயக் காம்பராவுக்குத் தனி விலாசம் கிடையாது. தோட்டத்தின் பெயர், டிவிஷன் பெயர், அதற்குமேல் உங்கள் பெயர், அவ்வளவுதான். கடிதம் தோட்டத்து ஆபிசுக்கு வரும், அங்கிருந்து யார் மூலமாகவோ வீட்டுக்கு வரும். நேர்முகப் பரீட்சைக் கடிதம் பரீட்சை முடிந்த பிறகு கையில் கிடைத்த கதை இல்லாத டிவிஷன் ஊவாவில் இருக்குமா என்பது சந்தேகம். உங்கள் மெயில் சர்வரும் அந்த ஆபிஸ் மாதிரித்தான். உலகத்துக்கு அதன் விலாசம்தான் தெரியும், உங்கள் போனின் விலாசம் யாருக்கும் தெரியாது. கடிதம் ஆபிசோடு நின்றுவிடும். அங்கிருந்து வீட்டுக்குக் கொண்டுவருவது உங்கள் பொறுப்பு.

பொப்3 என்பது ஆபிசுக்குப் போய் உங்கள் கட்டைக் கையோடு வாங்கி வருவது. பொப்பின் முதல் வடிவம் 1984இல் எழுதப்பட்டது, மூன்றாம் வடிவம் 1988இல். தொலைபேசிக் கம்பி வழியாகக் கணினி சிறிது நேரம் மட்டும் இணைந்திருந்த காலம் அது. சீக்கிரம் போ, அள்ளிக்கொள், கம்பியைத் துண்டி. ஐமேப் வேறு மாதிரி. கடிதங்கள் ஆபிஸ் அலமாரியிலேயே இருக்கும், நீங்கள் எந்த வாசலால் போனாலும் அதே அலமாரியைத்தான் பார்ப்பீர்கள். இதை 1986இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் கிரிஸ்பின் உருவாக்கினார். ஒருவர் பல கணினிகளிலிருந்து ஒரே அஞ்சல் பெட்டியைப் பார்க்கவேண்டும் என்ற தேவை அன்றே இருந்தது. இன்றைக்கு உங்கள் கையில் போன், மேசையில் கணினி, மகளிடம் இன்னொரு போன்.

ஹோம்ஸ்டே நடத்துபவர் ஐமேப்பைத்தான் எடுக்கவேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. பண்டாரவளைப் பக்கத்தில் ஒரு விடுதியில் பழைய மேசைக் கணினி பொப்3இல் ஓடிக்கொண்டிருந்தது. எடுத்த கடிதத்தின் நகலைச் சர்வரில் விட்டுவை என்று சொல்லும் சிறிய கட்டத்தில் யாரும் டிக் போட்டிருக்கவில்லை. கணினி அள்ளிக்கொண்டு வந்தது, சர்வர் துடைத்துக்கொண்டது. ஒரு மழை நாளில் ஹார்ட் டிஸ்க் போனது. அதோடு இரண்டு வருடப் புக்கிங் கடிதங்களும் போயின. போனில் தேடினால் முதல் நாள் வந்த நாலைந்து கடிதம் மட்டும். வேறு வழியில்லாமல் பொப்3 வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு முதலில் போய் அந்தக் கட்டத்தைப் பாருங்கள்.

டேட்டா மிச்சம் பிடிக்கவும் ஐமேப்தான் நல்லது. பொப்3 பொதுவாகக் கடிதத்தை இணைப்போடு முழுதாக இறக்கும். ஐமேப்பிடம் தலைப்பை மட்டும் கொடு என்று கேட்கலாம். அனுப்பியவர் யார், பொருள் என்ன, எத்தனை எம்பி என்று பார்த்துவிட்டு, வேண்டுமானால் மட்டும் மிச்சத்தை இறக்கலாம். வாசித்தது, பதில் போட்டது, கொடி வைத்தது என்ற குறிகளும் சர்வரிலேயே இருக்கும். மகள் கொழும்பிலிருந்து பதில் போட்டுவிட்டாள் என்பது எல்லவில் இருக்கும் உங்களுக்குத் தெரியும். புதுக் கடிதம் வந்தவுடன் போன் மணி அடிப்பதற்கு ஐமேப்பில் ஐடில் என்ற வசதி 1997இல் சேர்ந்தது. மென்பொருள் "நான் இங்கேதான் நிற்கிறேன், வந்தால் சொல்" என்று கதவருகே காத்திருக்கும். சர்வர் அசந்துபோய்க் கதவைச் சாத்திவிடாமல் இருக்க 29 நிமிடத்துக்கு ஒரு தடவையாவது அதைப் புதுப்பிக்கச் சொல்கிறது விதி.

செட்டிங்ஸ் பக்கத்தில் என்ன எழுதுவது

ஜிமெயில் வைத்திருப்பவருக்கு: உள்வரும் சர்வர் பெயர் ஐமேப் என்ற நான்கு ஆங்கில எழுத்து, ஒரு புள்ளி, பிறகு ஜிமெயில்.காம். போர்ட் 993. வெளிச்செல்லும் சர்வர் எஸ்எம்டிபி, புள்ளி, ஜிமெயில்.காம். போர்ட் 465 அல்லது 587. சொந்தப் பெயரில் மெயில் வாங்கியவர்கள் விற்றவரிடம் இந்த நான்கு விபரத்தையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாயால் சொன்னால் ஒரு புள்ளி தவறும்.

போர்ட் எண்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை, ஆனால் அவை ஏன் ஜோடி ஜோடியாக இருக்கின்றன என்று தெரிந்திருப்பது நல்லது. ஐமேப்பின் 993, பொப்3இன் 995, எஸ்எம்டிபியின் 465 மூன்றும் முதல் எழுத்திலிருந்தே பூட்டிய குழாய். செட்டிங்ஸில் எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் என்று இருக்கும். அதே வரிசையில் 143, 110, 587 மூன்றும் திறந்த குழாயாகத் தொடங்கும். இரண்டு பக்கமும் "பூட்டலாமா?" "பூட்டலாம்" என்று பேசிக்கொண்ட பிறகுதான் பூட்டு விழும். அதன் பெயர் ஸ்டார்ட்டிஎல்எஸ். எண்ணை ஒரு வரிசையிலும் பூட்டு வகையை மற்ற வரிசையிலும் எடுத்தால் மென்பொருள் பல நேரம் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும், பிழை என்றுகூட உடனே சொல்லாது. நான் போய்ப் பார்த்த பழுதுகளில் இதுதான் மிக அதிகம். ஆரம்பத்திலேயே பூட்டிய குழாயை எடுங்கள் என்பதே 2018இல் வந்த பரிந்துரை.

பூட்டு வேண்டாம் என்ற தெரிவைத் தொடவே வேண்டாம். எல்ல டவுனில் எந்தக் கஃபேக்குப் போனாலும் வைஃபை பாஸ்வேர்ட் சுவரில் ஒட்டியிருக்கும். அதே வைஃபையில் இருபது பேர். பூட்டில்லாத இணைப்பில் மெயில் அனுப்பினால் உங்கள் பாஸ்வேர்ட் பேஸ்64 என்ற உருவில் போகும். பார்க்க ரகசியம் மாதிரி இருக்கும், ஆனால் அதைத் திரும்ப எடுக்க ஒரு பள்ளிக்கூடப் பையனுக்கு ஒரு நொடி போதும்.

இன்னும் ஒரு எண், 25. அது சர்வருக்கும் சர்வருக்கும் இடையிலான வாசல். வீட்டு இணைப்புகளில் அதைப் பெரும்பாலும் அடைத்து வைத்திருப்பார்கள், குப்பை மெயில் அனுப்பும் வைரஸ்களுக்காக. பழைய ஸ்கேனரின் கையேட்டில் 25 என்று போட்டிருந்தால் 587 போட்டுப் பாருங்கள்.

மலைப் பக்கத்துக்கே உரிய ஒரு பழுதையும் இங்கே சொல்லவேண்டும். பழைய மேசைக் கணினிக்குள் காசு அளவில் ஒரு பேட்டரி இருக்கிறது, கரண்ட் இல்லாத நேரத்திலும் கடிகாரத்தை ஓட்டுவதற்கு. அது செத்திருந்தால் ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் கணினி பல வருடம் பின்னால் போய்விடும். பூட்டிய இணைப்புக்குச் சர்வர் காட்டும் சான்றிதழில் இன்ன திகதியிலிருந்து இன்ன திகதி வரை என்று இருக்கும். உங்கள் கணினி இன்னும் 2010இல் இருந்தால், "இந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லையே" என்று மறுத்துவிடும். மெயில் வரவில்லை, பேங்க் பக்கமும் திறக்கவில்லை, சான்றிதழ் பிழை என்கிறது என்றால் வேறு எதையும் தொடுமுன் மூலையிலிருக்கும் கடிகாரத்தைப் பாருங்கள். அந்தப் பேட்டரியை மாற்றுவது பெரிய செலவும் இல்லை.

பாஸ்வேர்ட் சரி, ஆனாலும் உள்ளே விடவில்லை

2022 மே 30க்குப் பிறகு ஜிமெயிலின் தனிநபர் கணக்குகளில் வெறும் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து மற்ற மென்பொருள்கள் நுழைய முடியாது. அவுட்லுக்.காம் 2024 செப்டெம்பர் 16இல் அதே கதவை மூடியது. திருடிய பாஸ்வேர்ட்களை வைத்து உலகம் முழுக்கக் கதவு தட்டிக்கொண்டிருந்தார்கள், அதுதான் காரணம். காரணம் நியாயமானது. ஆனால் கொமியூனிகேஷன் கடைகளில் இருக்கும், ஸ்கேன் செய்து நேராக மெயிலுக்கு அனுப்பும் மிஷின்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை. அவற்றுக்குப் பழைய முறை மட்டுமே தெரியும்.

வழி இரண்டு. தண்டர்பேர்ட், புதிய அவுட்லுக், போனிலிருக்கும் மெயில் ஆப் போன்றவை கூகுளின் சொந்த நுழைவுப் பக்கத்தைத் திறந்து காட்டும். நீங்கள் அங்கே நுழைந்து சம்மதம் கொடுத்தால், மென்பொருள் கையில் ஒரு அனுமதிச் சீட்டு கிடைக்கும். பாஸ்வேர்ட் அதன் கைக்குப் போகாது. ஸ்கேனருக்கும் பழைய கணக்கு மென்பொருளுக்கும் அந்தப் பக்கத்தைத் திறக்கத் தெரியாது. அவற்றுக்கு ஆப் பாஸ்வேர்ட். கூகுள் கணக்கில் இரண்டு அடுக்குச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு, 16 எழுத்துக் கொண்ட தனிப் பாஸ்வேர்ட் ஒன்றை அந்த மிஷினுக்கு மட்டும் உருவாக்கிக் கொடுக்கவேண்டும். மிஷினை விற்கும்போது அந்த ஒன்றை மட்டும் ரத்து செய்யலாம். ஞாபகம் வைக்கவேண்டியது, கூகுள் கணக்கின் பிரதான பாஸ்வேர்டை மாற்றினால் ஆப் பாஸ்வேர்ட்கள் எல்லாம் செத்துவிடும். "போன கிழமை வரை நல்லா ஓடிச்சே" என்பவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, போன கிழமை பாஸ்வேர்ட் மாற்றினீர்களா என்பதுதான்.

வெளிச்செல்லும் சர்வருக்கும் தனியாகப் பெயரும் பாஸ்வேர்டும் வேண்டும். உள்வரும் பக்கத்தில் கொடுத்தாயிற்றே என்று அதை வெறுமையாக விடுபவர்கள் ஏராளம். இரண்டு ஆபிஸ், இரண்டு காவல்காரர்.

புள்ளி வைத்த கணம்

இனி அக்காவின் கேள்விக்கு வருகிறேன். சென்ட் அழுத்தியதும் நடப்பதைப் பூட்டைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் அது ஒரு உரையாடல். 1982இல் ஜொன் போஸ்டல் எழுதிய விதிகள்தான் இன்றும் அதன் எலும்பு. சர்வர் ஒவ்வொரு பதிலையும் மூன்று இலக்க எண்ணோடு தொடங்கும்.

மென்பொருள் கதவைத் தட்டுகிறது. சர்வர்: 220, வா. மென்பொருள்: எஹ்லோ, நான் இன்ன கணினி. சர்வர்: 250, எனக்கு இவையிவை தெரியும், இத்தனை எம்பி வரை தாங்குவேன். அதன்பின் பெயரும் பாஸ்வேர்டும். 235, சரி உள்ளே வா. அனுப்புபவர் இன்னார். 250. பெறுபவர் இன்னார். 250. இனிக் கடிதம் தரலாமா? 354, தா, முடிந்ததும் ஒரு வரியில் புள்ளி மட்டும் வை. மென்பொருள் கடிதத்தை ஊற்றுகிறது. கடைசியில் தனி வரியில் ஒற்றைப் புள்ளி. சர்வர்: 250, பெற்றுக்கொண்டேன்.

அந்தக் கடைசி 250தான் கையெழுத்து. அதற்கு முன்வரை கடிதத்துக்குப் பொறுப்பு உங்கள் கணினி. அதற்குப் பிறகு சர்வர். கடிதம் பாதி போனபோது இணைப்பு அறுந்தால் சிக்கல் இல்லை, சர்வர் அந்தப் பாதியை எறிந்துவிடும், உங்கள் மென்பொருள் அவுட்பாக்ஸில் வைத்திருந்து மறுபடி முழுதாக அனுப்பும். வில்லங்கம் ஒரே ஒரு இடத்தில்தான். புள்ளி போய்ச் சேர்ந்துவிட்டது, சர்வர் கையெழுத்தும் போட்டுவிட்டது, அந்த 250 திரும்பி வரும் வழியில் ரவுட்டர் அணைந்தது. சர்வர் கடிதத்தை அனுப்பிவைத்துவிடும். உங்கள் மென்பொருளோ கையெழுத்தைக் காணாததால் போகவில்லை என்று நினைத்து இன்னொரு தடவை அனுப்பும். தொலைந்து போவதைவிட இரண்டாகப் போவது மேல் என்பது விதி எழுதியவர்களின் முடிவு. நானும் அதையே எடுப்பேன். ஆனால் விலைப்பட்டியல் அனுப்பும் கடைக்காரருக்கு அது சங்கடம்தான்.

சென்ட் ஃபோல்டரில் இல்லையே, அப்படியானால் போகவில்லைதானே என்று அக்கா கேட்டார். அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எஸ்எம்டிபிக்கு ஃபோல்டர் என்றால் என்னவென்றே தெரியாது. பொதுவாக மென்பொருள்தான் அனுப்பி முடித்தபின் ஐமேப் வழியாகத் திரும்பப் போய் ஒரு நகலைச் சென்ட் ஃபோல்டரில் வைக்கும். இரண்டு வேலைக்கும் நடுவில் கரண்ட் போனால் கடிதம் போயிருக்கும், நகல் இருக்காது. ஜிமெயில் மாதிரிச் சில சர்வர்கள் நகலைத் தாமே வைத்துவிடும். ஆகவே போயிற்றா என்று தெரிய வேண்டுமானால் முதலில் அவுட்பாக்ஸைப் பாருங்கள். அங்கே இருந்தால் மென்பொருள் இன்னும் தன் பொறுப்பில்தான் வைத்திருக்கிறது, நீங்கள் கை வைக்காதீர்கள். அவுட்பாக்ஸில் இல்லையென்றால் கையெழுத்து வாங்கியாயிற்று. இரண்டு நிலையிலும் போனை எடுத்து அதையே மறுபடி அனுப்பத் தேவையில்லை.

உங்கள் சர்வர் கடிதத்தை வாங்கிய பிறகு விருந்தினரின் சர்வரைத் தேடிப் போகிறது. அந்தப் பக்கம் பெர்லினிலோ சென்னையிலோ சர்வர் படுத்திருந்தால் கடிதம் வரிசையில் நிற்கும். அரை மணிக்குக் குறையாத இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப முயலவேண்டும், 4, 5 நாளுக்காவது கைவிடக்கூடாது என்பது விதியின் சொல். நம் பக்கம் இருண்டாலும் கடிதம் காத்திருக்கும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் வெட்டினார்கள். டவர் பேட்டரியும் இறங்கிப் போன் கல்லாகிவிட்ட நாட்கள் அவை. அந்த நாட்களில் நமக்கு வந்த மெயில்கள் சர்வரில் குந்திக்கொண்டு நாம் வருவதைப் பார்த்திருந்தன.

இதில் ஆச்சரியம் எதுவுமில்லை. இலங்கைக்கு மெயில் வந்ததே அறுந்து அறுந்து ஓடிய கம்பியில்தான். 1990களின் தொடக்கத்தில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தை மையமாக வைத்து ஓடிய லேர்ன்மெயில், தொலைபேசியில் அழைத்துக் கடிதங்களைக் கட்டாகக் கொடுத்து வாங்கியது. அடுத்த அழைப்பு வரும்வரை கடிதம் காத்திருக்கும். அழைப்புக்கு அழைப்பு காத்திருக்கத் தெரிந்த நெறிமுறைக்கு ஒரு குரங்கு பெரிய விஷயமா?

எண்ணை வாசியுங்கள், ஆங்கிலத்தை அல்ல

திரும்பி வந்த கடிதம் நீளமான ஆங்கிலத்தில் இருக்கும். பயந்து மூடிவிடுகிறோம். அதற்குள் மூன்று இலக்க எண் ஒன்று இருக்கிறது, அதைத் தேடுங்கள். 4இல் தொடங்கினால் "இப்போது முடியாது, பிறகு வா". நீங்கள் ஒன்றும் செய்யவேண்டாம், சர்வர் தானே மறுபடி போகும். 421 என்றால் சேவை இப்போதைக்கு இல்லை, 450 என்றால் பெட்டி இப்போதைக்குக் கிடைக்கவில்லை, 452 என்றால் இடம் போதவில்லை. 5இல் தொடங்கினால் "முடியாது, இப்படியே எத்தனை தடவை வந்தாலும் முடியாது". அப்போது நீங்கள்தான் எதையாவது மாற்றவேண்டும்.

535 பாஸ்வேர்டை ஏற்கவில்லை. மேலே சொன்ன ஆப் பாஸ்வேர்ட் கதை பெரும்பாலும் இதுதான். 550 பொதுவாக அப்படி ஒரு பெட்டி இல்லை என்பது. பத்தில் ஒன்பது எழுத்துப் பிழை, விருந்தினர் கையால் எழுதிய முகவரியில் ஒன்றா எல் எழுத்தா, சைபரா ஓ எழுத்தா என்ற தகராறு. ஆனால் 550க்கு இன்னொரு முகமும் உண்டு, "உன்னை நான் நம்பவில்லை" என்பது. எண்ணுக்குப் பக்கத்தில் 5.1.1 இருந்தால் முகவரிதான் பிழை, 5.7இல் தொடங்கும் சிறு எண் இருந்தால் நம்பிக்கைப் பிரச்சினை. 552 அளவு மிஞ்சிவிட்டது.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. சர்வர் 25 எம்பி வரை தாங்கும் என்கிறார்களே, என் வீடியோ 22 எம்பிதானே, ஏன் போகவில்லை என்பார்கள். எஸ்எம்டிபி பிறந்தபோது வெறும் ஆங்கில எழுத்துக்காகப் பிறந்தது. படமும் வீடியோவும் அதற்குள் போக, மூன்று பைட்டை நான்கு எழுத்தாக விரித்துக் கட்டவேண்டும். அதனால் எந்த இணைப்பும் மூன்றில் ஒரு பங்குக்குமேல் பெருக்கும். 18 எம்பியைத் தாண்டினால் இணைப்பாக அனுப்பாமல் கூகுள் டிரைவில் போட்டு லிங்க் கொடுங்கள்.

தமிழும் அப்படிக் கட்டித்தான் போகிறது. எல்ல என்ற ஊர்ப் பெயர் கணினிக்கு நான்கு குறி: எ, ல, புள்ளி, ல. ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 12. விரித்துக் கட்டினால் 16 எழுத்து. மறுபக்கம் பிரித்து மறுபடி எல்ல என்று காட்டும். யூனிகோடில் அடித்தால் மட்டும். பாமினி எழுத்துருவில் அடித்த பொருள் வரி, பாமினி இல்லாத போனில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். அதற்கு சர்வரைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை.

உங்கள் பெயரில் வேறொருவர் அனுப்பும்போது

புக்கிங் மென்பொருள், கணக்கு மென்பொருள், இணையத்தளத்தின் விசாரணைப் படிவம் எல்லாம் உங்கள் சார்பில் மெயில் அனுப்புகின்றன. தபாலில் உறைமேல் ஒரு பெயரும் உள்ளே கடிதத்தலைப்பில் வேறொரு பெயரும் இருக்கலாமல்லவா, மெயிலிலும் அப்படியே. எஸ்எம்டிபி பேச்சில் சொன்ன அனுப்புநர் உறை. விருந்தினர் கண்ணுக்குத் தெரிவது கடிதத்தலைப்பு. இரண்டும் ஒத்திருக்கவேண்டும் என்று ஆதி விதியில் இல்லை. மோசடிக்காரர்கள் வாழ்ந்ததே இந்த இடைவெளியில்.

அதனால்தான் இன்றைய சர்வர்கள் கேள்வி கேட்கின்றன. இந்தப் பெயரில் அனுப்ப இந்தச் சர்வருக்கு அனுமதி உண்டா? அந்த அனுமதிப் பட்டியல் எஸ்பிஎஃப். கடிதத்தில் முத்திரை இருக்கிறதா? அது டிகிம். 2024 பெப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் இவற்றில் ஒன்றாவது எல்லோருக்கும் வேண்டும் என்கின்றன. நீங்கள் செய்யவேண்டியது இவ்வளவுதான். இணையத்தள மென்பொருளின் அனுப்புநர் முகவரியில் உங்கள் ஜிமெயிலை எழுதிவிட்டு, அனுப்பும் வேலையை வேறொரு ஹோஸ்டிங் சர்வரிடம் விடாதீர்கள். ஜிமெயில் முகவரி வேண்டுமானால் மென்பொருளுக்கு ஜிமெயிலின் எஸ்எம்டிபி விபரத்தையும் ஆப் பாஸ்வேர்டையும் கொடுங்கள். சொந்தப் பெயர் வேண்டுமானால் பெயர் விற்றவரிடம் எஸ்பிஎஃப், டிகிம் இரண்டும் போட்டுத் தரச்சொல்லிக் கேளுங்கள். தனிநபர் ஜிமெயிலில் நாளுக்கு 500 பேருக்குமேல் போகாது, வருடப்பிறப்பு வாழ்த்தை எல்லாப் பழைய விருந்தினருக்கும் ஒரே மூச்சில் தட்டிவிடும் யோசனை இருந்தால் அதையும் மனதில் வையுங்கள்.

புக்கிங் விபரத்தை மெயிலிலிருந்து எடுத்துத் தானே அட்டவணையில் போடும் சிறிய நிரல் எழுத ஆசைப்படுகிற பிள்ளைகள் பதுளையில் இருக்கிறார்கள், ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் படிப்பவர்களும் கேட்டிருக்கிறார்கள். பைத்தான் மொழியோடு எஸ்எம்டிபிலிப், ஐமேப்லிப் என்ற இரண்டு கட்டுகள் சும்மாவே வருகின்றன. முதல் நாளே பேச்சை அச்சிட்டுக் காட்டும் வசதியை இயக்கிவிடுங்கள், 250களும் 535களும் கண்முன் ஓடும். ஐமேப்பில் எண் கிடையாது, சரி, இல்லை, புரியவில்லை என்ற பொருளில் மூன்று பதில்தான். கடிதத்தை அதன் நிரந்தர அடையாள எண்ணால் பிடியுங்கள், வரிசை எண்ணால் பிடிக்காதீர்கள். மேலே ஒரு கடிதத்தை அழித்தால் கீழே எல்லா வரிசை எண்ணும் ஒவ்வொன்று இறங்கிவிடும், உங்கள் நிரல் ஜெர்மன்காரரின் அறையைப் பிரெஞ்சுக்காரருக்குக் கொடுத்துவிடும்.

ரவுட்டரை அணைத்துப் பாருங்கள்

எல்லாம் போட்டு முடித்தபின், விருந்தினர் யாரும் வைஃபையில் இல்லாத நேரம் பார்த்து இதைச் செய்யுங்கள். பிற்பகல் இரண்டு மணி நல்ல நேரம், எல்லோரும் ஒன்பது வளைவுப் பாலத்துக்கு ரயில் பார்க்கப் போயிருப்பார்கள். போனின் டேட்டாவை நிறுத்துங்கள். மடிக்கணினியில் உங்களுக்கே ஒரு கடிதம் எழுதுங்கள். ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு சென்ட் அழுத்துங்கள். கடிதம் அவுட்பாக்ஸில் போய் நிற்கவேண்டும். நிற்காமல் பிழை சொல்லித் திரும்ப எழுதும் பக்கத்துக்கே வந்தால், உங்கள் மென்பொருளில் இணைப்பில்லாமல் வேலை செய்யும் தெரிவு அணைந்திருக்கிறது, அதைத் தேடி இயக்குங்கள். பழைய கடிதங்கள் நாலைந்தைத் திறந்தும் பாருங்கள். திறக்காவிட்டால் கடிதங்களை இந்தக் கணினியிலும் வை என்ற தெரிவும் அணைந்திருக்கிறது. கரண்ட் இல்லாத இரவில் வாசலில் வந்து நிற்கும் விருந்தினரின் புக்கிங்கைக் கண்டுபிடிக்க அது வேண்டும்.

பிறகு பிளக்கை மாட்டுங்கள். ரவுட்டரின் விளக்குகள் ஒவ்வொன்றாக வர இரண்டு மூன்று நிமிடமாகலாம். அதற்குள் எதையும் அழுத்தாமல் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். அவுட்பாக்ஸ் பக்கத்தில் 1 என்று இருக்கும் எண் தானாக மறையும், கொஞ்ச நேரத்தில் இன்பாக்ஸில் அதே கடிதம், ஒரே ஒரு தடவை, வந்து விழும்.